ஏப்பப் போலீஸ்காரி

என் அப்பாவை ஒரு பெண் ஊர் முன்னால் நிற்கவைத்துத் திட்டியதை நான் ஒரே முறைதான் பார்த்திருக்கிறேன். அந்தப் பெண்ணின் பெயர் சுகவாரா மசுயோ. ஜூன் மாதம், நாற்று நடவு முடிந்த கையோடு, வயிற்றுப் புற்றுநோய்ச் சோதனை பஸ் எங்கள் ஊர்ப் பொதுக்கூடத்து முற்றத்தில் வந்து நின்றிருந்தது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். லீவுக்கு வந்த இடத்தில் அப்பாவைக் காரில் ஏற்றிக்கொண்டு போயிருந்தேன். அப்பா பஸ் படியில் கால் வைத்ததும், வெள்ளைச் சட்டை போட்ட அந்தப் பெண் மூக்கை உறிஞ்சினார்.

"சிகரெட் பிடிச்சீங்களா?"

"இல்லையே."

"வாயத் தொறங்க."

அறுபது வயது மனிதர், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி வாயைத் திறந்தார்.

"பிடிச்சதும் இல்லாம பொய் வேற. புகை போனா வயித்துல தண்ணி ஊறும், மருந்து ஒட்டாது. படத்துல உங்க வயிறு தெரியாது, சேறுதான் தெரியும். நாளைக்கு வாங்க."

"நாளைக்கு வயல்ல வேலை கெடக்கும்மா."

"வயலுக்குப் புத்துநோய் வராது. உங்களுக்குத்தான் வரும். எறங்குங்க, பின்னாடி ஆளு நிக்குது."

 வீட்டு வாசலில் இறங்கும்போது அப்பா, "அதெல்லாம் ஒரு பொம்பளையா" என்றார். ஆனால் அன்று மாலையே சிகரெட் பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டார். படிப்பு முடிந்து நகராட்சிச் சுகாதாரப் பிரிவில் எனக்கு வேலை கிடைத்த பிறகு, மசுயோவைப் பற்றி ஆளுக்கொரு கதை சொன்னார்கள். மசுயோவும் தன் பங்குக்குச் சொன்னார். யார் சொன்னதிலும் அன்பு இல்லை.

மசுயோ, வட ஜப்பானின் ஒகா கடற்கரையில் ஒரு மீன்பிடிக் குடும்பத்தின் மூத்த பெண். "பொட்டப்புள்ள படிச்சா மீனு தானா வந்து வலையில விழுமா" என்று கேட்ட தகப்பனிடம் சொல்லிக்கொள்ளாமல் செந்தாய் நகரத்துக்கு ரயிலேறியவர். அங்கே தோஃபு கடையில் விடியுமுன்னே சோயா அரைத்துக் கொடுத்துவிட்டு, பகலில் எக்ஸ்ரே படித்தார். பிறகு இந்தச் சோதனை பஸ்ஸில் வேலைக்குச் சேர்ந்து, அகிதா நகரத்தில் ஒரு ஊறுகாய்க் கடைக்காரருக்கு வாழ்க்கைப்பட்டார். புகை போட்ட முள்ளங்கி ஊறுகாய்க்குப் பேர்போன கடை அது. வாங்க வருகிறவர்களிடம், "இவ்வளவு உப்பு தின்னா வயிறு அழுகும், பாதி வாங்கிட்டுப் போங்க" என்று சொல்லும் மருமகளை எந்த மாமியார்தான் பொறுப்பாள்.

"ஊரு ஆம்பளைங்களப் படுக்கப்போட்டுப் பொரட்டறது பத்தாதுன்னு எங்க பொழப்பையும் பொரட்டறா" என்றாள் மாமியார்.

"பொரட்டறது நெசம்தான். ஒருத்தன்கூட நன்றி சொன்னதில்ல" என்று சொல்லிவிட்டு மசுயோ பெட்டியைக் கட்டினார். புருஷன் பின்னால் வரவில்லை. இவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு அவருக்கு வீடு வாசல் எல்லாம் அந்த பஸ்தான்.

பஸ்ஸுக்குள் வேலை இப்படி: வெறும் வயிற்றோடு வருகிற ஆளுக்கு முதலில் நுரைப்பொடி. அது உள்ளே போய்ப் பொங்கி வயிற்றைப் பந்து மாதிரி ஊதவைக்கும். அடுத்து, சுண்ணாம்பைக் கரைத்தாற்போலக் கனத்த வெள்ளைப் பேரியம். குடித்துவிட்டு மேஜையில் படுத்துக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, சொன்ன பக்கமெல்லாம் உருள வேண்டும். ஊதிய வயிற்றின் உட்சுவரில் பேரியம் வெள்ளையடித்தாற்போல ஒட்டினால்தான் எக்ஸ்ரேயில் மேடு பள்ளம் தெரியும். நடுவில் ஏப்பம் விட்டால் காற்று போய்விடும், வயிறு சுருங்கிவிடும், படம் பாழ். மசுயோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மைக்கும் திரையுமாக உட்கார்ந்திருப்பார். பஸ்ஸின் தகரம் மெல்லியது. உள்ளே பேசுவது முற்றத்து வரிசையில் நிற்கும் அத்தனை பேர் காதிலும் விழும்.

"வலது பக்கம் உருளுங்க. வலதுன்னேன். குச்சி பிடிச்சுச் சாப்பிடற கை எதுன்னு தெரியாதா?"

"பின்பக்கத்தத் தூக்காதீங்க. அத யாரும் படம் எடுக்கல."

"ஏப்பம் விடாதீங்க. எச்சிலை முழுங்குங்க. முழுங்குங்கன்னு சொல்றேன்."

அதனால்தான் அவருக்கு ஏப்பப் போலீஸ்காரி என்று பெயர். பெயர் அவர் காதுக்கும் வந்தது. அவர் மாறவில்லை. மோசமான படத்தைவிடப் படமே இல்லாதது மேல் என்பது அவர் கட்சி. படம் இல்லாதவனுக்குப் பயமாவது இருக்கும். மோசமான படம் எடுத்தவன் நிம்மதியாகக் குறட்டை விடுவான்.

எங்கள் ஊரில் அவரை அதிகமாக வெறுத்தவர் தொசாவா கன்கிச்சி. வாய்க்கால் சங்கத்துக்குத் தலைவர். அவர் மதகைத் திறந்தால்தான் மற்றவன் வயலில் தண்ணீர். ஆள் வாட்டசாட்டம், குரல் அதைவிடப் பெரிது. முந்தின வருஷம் மேஜையில் படுத்துக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாக ஏப்பம் விட்டவரை மசுயோ மைக்கில், 'சான்' என்ற மரியாதையோடேயே கேட்டார்: "தொசாவா சான், மாட்டுத் தொழுவத்துலகூட இவ்வளவு சத்தம் வராது. உங்களுக்குத் தண்ணி தொட்டி எதுவும் வைக்கணுமா?" முற்றம் முழுக்கச் சிரித்தது. அதோடு போகவில்லை. அதற்குப் பிறகு ஊர் விருந்தில் யார் ஏப்பம் விட்டாலும், பக்கத்தில் இருப்பவன், "வாங்க தொசாவா சான்" என்பான். கன்கிச்சி மதகுப் பக்கம் போனால் பையன்கள் வயலுக்குள் இருந்து ஏப்பம் விட்டுக் காட்டினார்கள். தலைவருக்கு அது பொறுக்குமா.

அடுத்த வருஷம், என் அப்பாவைத் திருப்பியனுப்பிய அதே காலையில், அவர் மறுபடியும் பஸ் ஏறினார். பொடியை வாயில் கொட்டி, தண்ணீரை ஊற்றி, பேரியத்தையும் குடித்து, உதட்டை இறுக மூடிக்கொண்டார். முகம் தக்காளி மாதிரி சிவந்தது. மசுயோ திரையைப் பார்த்தார். ஊதியிருக்க வேண்டிய வயிறு ஊதவில்லை. ஒடுங்கிய குழாய் மாதிரி கிடந்தது. பேரியம் அதில் தங்காமல் நேரே குடலுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"விட்டுட்டீங்க" என்றார் மைக்கில்.

"விடல."

"எனக்குத் தெரியுது. உள்ள காத்தே இல்ல. வாய மூடிக்கிட்டு மூக்கு வழியா விட்டா கண்டுபிடிக்க மாட்டாங்கன்னு நெனப்பா?"

"விடலன்னு சொல்றேன்ல."

வெளியே யாரோ, "இந்த வருசம் மூக்கு வழியாம்" என்றான். சிரிப்பு எழுந்தது.

மசுயோ இன்னொரு பொட்டலம் கொடுக்கச் சொன்னார். அதையும் விழுங்கினார் கன்கிச்சி. திரையில் எந்த மாற்றமும் இல்லை.

"ரெண்டாவதையும் வீணாக்கியாச்சு. சங்கத்துக்குத் தலைவரு, ஒரு ஏப்பத்த அடக்கத் துப்பில்ல. எறங்குங்க."

கன்கிச்சி உதட்டில் வெள்ளை காயாமலே இறங்கினார். மூக்கு என்று சொன்னவனின் சட்டைக் காலரைப் பிடித்துத் தள்ளினார். பஸ்ஸைப் பார்த்து, "இனிமே இந்த வண்டி நிக்கிற தெசைக்கே வரமாட்டேன். செத்தாலும் சரி" என்றார். பேரியம் குடலில் இறுகாமலிருக்கக் கொடுக்கும் மாத்திரையைக்கூட வாங்கிக்கொள்ளவில்லை. மசுயோ அவர் படத்தோடு போகும் சீட்டில், ஏப்பம், படம் சரியில்லை என்று கிறுக்கினார்.

அவருக்குப் பின்னால் வந்தது தபால் ஆபீஸ் அம்மாள், நிஷிமேயா. பேரியத்தைக் குடித்து முடிப்பதற்குள் அந்த அம்மாளுக்கு ஏப்பம் வந்துவிட்டது. உள்ளறை மைக் வழியாக மசுயோவின் காதில் பட்டென்று விழுந்தது சத்தம். திரையில், ஊதியிருந்த வயிறு கயிறு அறுந்த கூடாரம் மாதிரி மடிப்பு மடிப்பாகச் சரிந்தது. இரண்டாவது பொட்டலம் போனதும் மறுபடி அழகாக எழும்பி நின்றது.

மசுயோவின் விரல் பொத்தான் மேல் அப்படியே நின்றது. கன்கிச்சி படுத்திருந்தபோது இந்தச் சத்தம் வரவே இல்லை. ஏப்பம் விட்ட வயிறு இரண்டாவது பொடிக்கு எழும்ப வேண்டும். அவர் வயிறு எழும்பவில்லை. காற்றுப் போனதால் சுருங்கிய வயிறு இல்லை அது. விரியவே முடியாத வயிறு. புற்று ஒரு மூலையில் மேடாக முளைக்காமல் சுவர் முழுக்கப் பரவி, வயிற்றைப் பதனிட்ட தோல் மாதிரி விறைக்கவைக்கும் ஒரு வகை உண்டு. மசுயோ அதைப் புத்தகத்தில் பார்த்திருக்கிறார். பஸ்ஸிலும் பார்த்திருக்கிறார், அரிதாக. ஆனால் போன வருஷத்துக் கோபம் அவர் காதை அடைத்துவிட்டிருந்தது.

மத்தியானம் பஸ் டிரைவர் சசாமோரியிடம் சொன்னார். சசாமோரி சோற்று உருண்டையைத் தின்றுகொண்டே கேட்டான்.

"அக்கா, நீங்க படம் எடுக்கறவங்க. நோய் சொல்றது டாக்டரு. படம் போகும், டாக்டர் பாப்பாரு, மறுபடி வாங்கன்னு கடிதாசி போடுவாரு. நமக்கென்ன?"

"அந்த ஆளு கடிதாசிய அடுப்புல போடுவான்."

"போட்டா அவன் தலையெழுத்து."

"ஏப்பம்னு நான் எழுதி வச்சிருக்கேன்டா. அடுத்த வருசம் பாத்துக்கலாம்னு டாக்டரே விட்டுட்டாருன்னா? அதுவா தலையெழுத்து? அது என் கையெழுத்து."

சீட்டைக் கிழித்து வேறு எழுதினார். பொதுக்கூடத்து போனிலிருந்து மாவட்ட ஆஸ்பத்திரி டாக்டர் நுமதாவைக் கூப்பிட்டார். நாளைக்கே அழைத்து வரச் சொன்னார் டாக்டர். தொண்டை வழியாகக் குழாய் விட்டு உள்ளே பார்த்துவிடலாம் என்றார். கூடவே, "அவர்கிட்ட நீங்க ஒண்ணும் வாய விடாதீங்க. எதா இருந்தாலும் வீட்டுக்காரங்ககிட்ட நான் பேசிக்கறேன்" என்றார். அந்தக் காலத்தில் அதுதான் வழக்கம். புற்று வந்தவனுக்கு மட்டும் புற்று என்று தெரியக் கூடாது. வீட்டில் எல்லோரும் புண் என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே சோறு ஊட்டுவார்கள்.

வேலை முடிந்ததும் மாத்திரையைச் சாக்காக எடுத்துக்கொண்டு மசுயோ கன்கிச்சி வீட்டுக்குப் போனார். கதவைத் திறந்தது அவர் மனைவி ஹருயோ. உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை.

"இன்னும் என்ன மிச்சம் இருக்கு?"

"மாத்திரை. தண்ணி நெறையக் குடிக்கச் சொல்லுங்க."

"உங்களுக்கு ஒண்ணு தெரியுமா? நடவு முடிஞ்சதுலேருந்து டிராக்டர் கொட்டகைல ஒக்காந்து சோடாவாக் குடிச்சு அடக்கப் பழகினாரு அந்த மனுசன். நான்தான் எதிர்ல நின்னு கடிகாரம் பாத்தேன். கண்ணுல தண்ணி வரும், வாயத் தொறக்க மாட்டாரு. அவரைப் போயி ஊர் நடுவுல பொய்யன்னு சொல்லிட்டீங்க."

மசுயோ மாத்திரையை அவள் கையில் வைத்தார். "சாப்பாடு எப்படிச் சாப்பிடறாரு?" என்று கேட்டார்.

"என்ன சாப்பாடு. அரைக் கிண்ணத்துல போதும்ங்கறாரு. நடவு அலுப்பு."

கன்கிச்சி வீட்டுக்குப் பின்னால் வரப்பில் நின்று மதகுப் பலகையை இறக்கிக்கொண்டிருந்தார். இடுப்பு வாரில் புதிதாக ஒரு துளை போட்டிருந்ததை மசுயோ பார்த்தார்.

"ஏப்பம் பிடிக்க வீடு வரைக்கும் வந்தாச்சா? ஓடுங்க, அந்தத் தவளைகூட இப்பதான் விட்டுச்சு."

"நீங்க ஏப்பம் விடல" என்றார் மசுயோ.

கன்கிச்சி பலகையை விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"நாளைக்கு மாவட்ட ஆஸ்பத்திரிக்கு வரணும். குழாய் விட்டுப் பாக்கணும். படம் சரியா வரல, அவ்வளவுதான்."

"விடலன்னு இங்க வந்து என் காதுல சொன்னா ஆச்சா? விட்டேன்னு மைக்குலல்ல சொன்ன. அதே மைக்குல சொல்லு. அதே ஆளுங்க முன்னாடி. அப்புறம் ஆஸ்பத்திரி, குழாய், எதுக்கு வேணா வரேன்."

"உங்களுக்கு மானம் பெருசா, வயிறு பெருசா?"

"மானம். வயித்த எவன் பாக்கறான்?"

"கிழட்டு மாடு" என்றார் மசுயோ, முகத்துக்கு நேரே.

"ஏப்பப் போலீசு" என்றார் அவர், அவரும் முகத்துக்கு நேரே.

எந்த ஊரிலும் மசுயோ யாரிடமும் தப்பு என்று ஒத்துக்கொண்டதில்லை. தகப்பனிடம் இல்லை, மாமியாரிடம் இல்லை. அன்றைக்கு விடுதிக்குத் திரும்பி, மிசோ சூப்பை அப்படியே வைத்துவிட்டுப் படுத்ததாகச் சொன்னார். தூங்கினேன் என்றும் சொன்னார். அதை நான் நம்பவில்லை.

மறுநாள் காலையும் பஸ் அதே முற்றத்தில்தான். நான் அன்று போகவில்லை; வரிசையில் என் அப்பா நின்றிருந்தார், சிகரெட் இல்லாமல். முந்தின நாள் வந்தவர்களில் பாதிப் பேர் சும்மாவே வந்து நின்றார்கள். மைக்கில் சொல்லச் சொல்லிக் கன்கிச்சி கேட்ட செய்தி ஹருயோ வாயிலிருந்து கசிந்திருந்தது. நிஷிமேயா அம்மாளும் இருந்தாள். கன்கிச்சி குளிர்பான இயந்திரத்தில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பெயர் கூப்பிடுகிற வெளி ஒலிபெருக்கியின் மைக்கை மசுயோ எடுத்தார்.

"நேத்து தொசாவா கன்கிச்சி சான் ஏப்பம் விட்டார்னு சொன்னேன். அது தப்பு. அவர் விடல. கடைசி வரைக்கும் அடக்கினாரு. அவர மாதிரி அடக்கின ஆளை நான் இந்த வேலைல பாத்ததில்ல."

யாரோ கை தட்டினார்கள். இன்னும் சிலர் சேர்ந்துகொண்டார்கள். காலர் பிடிபட்டவன்கூடத் தலையைக் குனிந்தான். கன்கிச்சி மோவாயைத் தூக்கி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஒரு வருஷத்துச் சிரிப்பையும் திருப்பி வாங்கிக்கொண்ட பார்வை அது.

அப்போதுதான் நிஷிமேயா அம்மாள் கேட்டாள். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. கேட்கத் தோன்றியது, கேட்டாள்.

"ஏப்பம் விடலன்னா வயிறு ஊதியிருக்கணுமே. எதுக்கு ரெண்டாவது பொடி குடுத்தீங்க?"

மசுயோ அடுத்த ஆளின் சீட்டைக் கையில் எடுத்தார். ஒலிபெருக்கி மட்டும் இரைந்துகொண்டிருந்தது. காற்று இருந்தால் வயிறு ஊதும், ஏப்பம் விட்டால்தான் சுருங்கும் என்று வருஷா வருஷம் அந்த ஊரைத் திட்டித் திட்டிப் பாடம் படிக்கவைத்தவர் அவர்தான். முற்றத்தில் நின்ற ஒவ்வொருவருக்கும் அந்தப் பாடம் மனப்பாடம். கைதட்டல் நின்றுபோனது. ஒருவர் பின் ஒருவராகக் கன்கிச்சியைத் திரும்பிப் பார்த்தார்கள். என் அப்பா மட்டும் பார்க்க முடியாமல் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாராம்.

கன்கிச்சி பஸ் படிக்கு வந்தார். அவர் குரல் அவ்வளவு தணிந்து யாரும் கேட்டதில்லை.

"இதுக்குத்தான் வீடு தேடி வந்தியா?"

"டாக்டர் காத்துக்கிட்டு இருக்காரு. வெறும் வயிறுதானே?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"நான் படம் எடுக்கறவ. நோய் சொல்லக் கூடாது."

"சொல்லிட்டியே. மைக்குல."

"நீங்கதான் மைக்குல சொல்லச் சொன்னீங்க."

 கன்கிச்சி படிக்குப் பக்கத்தில் காறித் துப்பினார். பிறகு போய்த் தன் சின்ன லாரியில் ஏறினார். ஹருயோ அழுதுகொண்டே பக்கத்தில் ஏறிக்கொண்டாள். லாரி ஆஸ்பத்திரிப் பக்கம்தான் திரும்பியது.

குழாய் விட்டுப் பார்த்த பிறகு டாக்டர் நுமதா வழக்கம்போலப் புண் என்று ஆரம்பித்தார். "ஊருக்கே தெரிஞ்சது எனக்குத் தெரியக் கூடாதா?" என்று கன்கிச்சி மேஜையைத் தட்டினார். டாக்டருக்கு வேறு வழியில்லை, உள்ளதைச் சொன்னார். வயிற்றை முழுசாக எடுத்தார்கள். அறுவை முடிந்து எழுந்து உட்கார்ந்ததும் கன்கிச்சி செய்த முதல் வேலை, பஸ்ஸை நடத்தும் சோதனைச் சங்கத்துக்குப் புகார் எழுதியது: படம் எடுக்கிற ஒரு பெண் என் நோயை ஒலிபெருக்கி வைத்து ஊருக்குச் சொன்னாள், நடவடிக்கை வேண்டும். நடவடிக்கை எடுத்தார்கள். மசுயோவை பஸ்ஸிலிருந்து இறக்கிப் பழைய படச் சுருள்கள் வைக்கும் அறைக்கு மாற்றினார்கள். ஓய்வு பெறும்வரை அவர் அங்கேதான் இருந்தார்.

அந்தப் புகாரைப் பற்றிப் பின்னாளில் நான் கேட்டேன்.

"எழுதினது நியாயம்தான்" என்றார். "எழுதறதுக்கு ஆளு உசிரோட இருந்தான்ல."

கன்கிச்சி மேலும் இரண்டு அறுவடை பார்த்தார். வாய்க்கால் கணக்கைத் தம்பியோடு சண்டை போட்டுத் தீர்த்தார். வயலை மகன் பெயருக்கு மாற்றினார். யாரையும் புண் என்று சொல்லவிடவில்லை. மூன்றாவது வருஷம் நடவுக்கு முன்னால் போய்விட்டார். சாவுக்கு ஊதுபத்தி வைக்க வந்த மசுயோவை ஹருயோ வாசலிலேயே நிறுத்தி, "தெரியாமப் போயிருந்தா நிம்மதியாப் போயிருப்பாரு" என்றாள். "ரெண்டு அறுவடைக்கு முன்னாடியே போயிருப்பாரு" என்றார் மசுயோ. ஹருயோ கதவைச் சாத்திக்கொண்டாள்.

மசுயோவுக்கு இப்போது எண்பத்தொன்று. ஒகாவில், செத்துப்போன தம்பியின் வீட்டில் தனியாக இருக்கிறார். ஹருயோ மகனோடு எங்கள் ஊரிலேயே இருக்கிறாள். கேட்டால் இரண்டு பேரும் இன்றைக்கும் அன்று வாசலில் சொன்னதையேதான் சொல்கிறார்கள்.